மலைக்கு மேலே தோட்டம், கீழே கம்பத்தில் வீடு: தார் ராக்ஸா, கிரெட்டாவா?

மலையில் கொஞ்சம் ஏலத்தோட்டம், கீழே கம்பத்திலோ கூடலூரிலோ வீடு, வண்டிக்கு இருபது லட்சம் பட்ஜெட். எங்கள் தேனி, இடுக்கி எல்லைப் பக்கத்தில் இந்த நிலைமையில் இருக்கிறவர்கள் எல்லாரும் இப்போது கேட்கிற கேள்வி ஒன்றுதான்: மகிந்திரா தார் ராக்ஸ் வாங்குவதா, ஹூண்டாய் கிரெட்டா வாங்குவதா? விலை கிட்டத்தட்ட ஒரே வரம்புக்குள் வருவதால் இரண்டும் ஒரே ரக வண்டி என்று எடுத்துக்கொண்டு, கலரையும் ஸ்கிரீனையும் சன்ரூஃபையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை, ஏனென்றால் இந்த இரண்டும் முற்றிலும் வேறு வேறு வேலைக்காகச் செய்த வண்டிகள். எங்கள் வீட்டில் இருப்பது கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக். நெடுங்கண்டத்தில் இருக்கும் என் மச்சான் வைத்திருப்பது ராக்ஸ் டீசல், ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிற வண்டி. கல்யாணம், திருவிழா, ஏலக்காய் எடுப்பு என்று ஏதாவது ஒரு காரணத்துக்கு வண்டிகளை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. அதனால் இரண்டையும் மழையில், மூடுபனியில், சபரிமலை சீசன் கூட்டத்தில், தோட்டத்துச் சேற்றில் எல்லாம் ஓட்டியிருக்கிறேன். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "நமக்கு மலை ரோடு, அதனால் ஜீப் மாதிரி வண்டிதான் வேணும்" என்று பலரும் ஆரம்பிக்கிறார்கள். இது சரியில்லை. லோயர் கேம்ப்பில் இருந்து குமுளிக்கு ஏறுகிற என்எச் 183, கம்பம்மெட்டு ரோடு, 17 கொண்டை ஊசி வளைவுகளோடு இருக்கிற போடிமெட்டு ரோடு, எல்லாமே தார் ரோடுதான். இரண்டு மாநில அரசு பஸ்ஸும் போகிறது, பழைய ஆல்ட்டோவில் குடும்பத்தோடு ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். மலை ஏறுவதற்கு என்று தனியாக முரட்டு வண்டி தேவையில்லை. தார் ரோடு எங்கே முடிகிறதோ, அங்கே இருந்து உங்கள் தோட்டத்து ஸ்டோர் (காய் உலர்த்துகிற கட்டடம்) வரைக்கும் இருக்கிற அந்தக் கடைசித் துண்டுதான் வண்டியைத் தீர்மானிக்க வேண்டும். அது சரளையா, செம்மண்ணா, களியா, எவ்வளவு செங்குத்து, சாரல் காலத்தில் அதில் தண்ணீர் ஓடுமா, அதில் நீங்களே போகிறீர்களா அல்லது ஆட்களை ஏற்றிக்கொண்டு வாடகை ஜீப் போகிறதா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விடியற்காலையில் கம்பம், கூடலூர், போடி பக்கம் ரோட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக ஜீப்புகள் மெட்டை, அதாவது மலை உச்சியில் இருக்கிற கேரள எல்லையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும். ஆட்களையும் மூட்டையையும் உரத்தையும் சுமக்கிற வேலையைப் பெரும்பாலான தோட்டங்களில் இன்றைக்கும் அந்த ஜீப்புகள்தான் செய்கின்றன. முதலாளி வாரத்தில் ஒருநாள் போய்க் கணக்குப் பார்த்துவிட்டு, கூலி கொடுத்துவிட்டு வருவார். அப்படிப் போகிறவர் மெட்டு வரைக்கும் தன் காரில் போய், அங்கே இருந்து தெரிந்த ஜீப் அண்ணனோடு ஏறிக்கொண்டால் முடிந்தது. இந்த ஏற்பாடு உங்களுக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், அதை மாற்றுவதற்காகக் கூடுதலாகப் பல லட்சம் போட்டு ராக்ஸ் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. என் மச்சான் கதை வேறு. அவர் தோட்டத்திலேயே பாதி வாழ்க்கை வாழ்கிறவர், மழை பெய்தாலும் போக வேண்டும், மருந்து அடிக்கிற நாளில் டிரம்மை அவரே கொண்டு போக வேண்டும், பச்சைக்காய் எடுக்கிற நாளில் மூட்டையை ஸ்டோருக்குக் கொண்டு வர வேண்டும். அவருக்கு அந்த வண்டி சரி.

இனி வண்டிகளுக்கு வருகிறேன். ராக்ஸ் லேடர் ஃபிரேம் வண்டி. லாரியில் இருக்கிற மாதிரி கீழே தனியாக இரும்புச் சேஸ், அதன் மேல் பாடி. கிரெட்டா மோனோகாக், அதாவது தனிச் சேஸ் கிடையாது, பாடி முழுவதும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகிறது. ஒரு சக்கரம் கல் மேல் ஏறி, எதிர்மூலைச் சக்கரம் குழிக்குள் இறங்கி, வண்டியே முறுக்கிக்கொண்டு நிற்கிற இடங்களில் லேடர் ஃபிரேம் வருடக்கணக்கில் தாங்கும், அது இப்படிப்பட்ட பாதைக்கென்றே வந்த முறை. ஆனால் அதற்கு எடை ஒரு விலை. எடை கூடினால் டீசல் கூடும், பிரேக்குக்கு வேலை கூடும், வளைவில் சாய்வு கூடும். மோனோகாக் வண்டி லேசாக இருக்கும், தாழ்வாக உட்காரும், தார் ரோட்டில் சொன்னபடி திரும்பும். இது கம்பெனி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த இரண்டு ரகத்துக்கும் குணம் இதுதான்.

போடிமெட்டு ஏறும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ராக்ஸ் உயரம் 1923 மில்லிமீட்டர், கிரெட்டா 1635. கிட்டத்தட்ட ஒரு அடி உயரம் கூடுதல். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் ராக்ஸின் பின் சீட்டில் இருப்பவர்கள் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்வதற்குள் அடுத்த வளைவில் மறுபக்கம் சாய்வார்கள். ஓட்டுகிறவருக்கு இது பெரிதாகத் தெரியாது, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார், வளைவு வருவது முன்கூட்டியே அவர் கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் வயிற்றைப் புரட்டும். என் சின்ன மகளுக்கு மலை ரோட்டில் வாந்தி வரும். மச்சான் வண்டியில் போனால் பையும் எலுமிச்சம்பழமும் கையில் வைத்துக்கொண்டுதான் ஏறுவாள். கிரெட்டாவில் அவள் தூங்கிவிடுகிறாள். குடும்பத்துக்கு வண்டி எடுக்கிறோம் என்று சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு போய்த் திரும்பி வருவதற்குள் வளைவுகள் அவ்வளவு இருக்கின்றன.

ராக்ஸ் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபர் 2ஆம் தேதி வந்த மூன்று கதவுத் தாரை விட இது குடும்பத்துக்கு எவ்வளவோ மேல். 2024 ஆகஸ்டில் இதை அறிமுகப்படுத்தும்போது வீல்பேஸை (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை) 2850 மில்லிமீட்டராக நீட்டி, பின்னால் ஐந்து லிங்க் வைத்த காயில் ஸ்பிரிங் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். நல்ல ரோட்டில், கம்பத்தில் இருந்து தேனி வழியாகத் திண்டுக்கல் போகிற மாதிரி நீளப் பயணத்தில், வண்டி கல் மாதிரி நிற்கும். உடைந்த தார் ரோட்டில் மெதுவாகப் போகும்போதுதான் அந்தப் பழைய ஜீப் குணம் எட்டிப் பார்க்கிறது, பின் சீட்டுக்காரர்களை மேலும் கீழும் மட்டும் இல்லாமல் பக்கவாட்டிலும் ஆட்டுகிறது. மழைக்குப் பிறகு வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து உள்ரோடுகள் இருக்கிற நிலையில் அது மணிக்கணக்கில் நடக்கும்.

இஞ்சின் விஷயத்தில் இரண்டுமே எங்கள் மலைக்குப் போதும். கிரெட்டாவின் 1.5 லிட்டர் டீசல் 116 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைத் திருப்புகிற இழுவிசை). ராக்ஸ் ஃபோர் பை ஃபோர் ஆட்டோமேட்டிக்கில் இருக்கிற 2.2 லிட்டர் டீசல் 175 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர். எண்ணைப் பார்த்தால் பெரிய வித்தியாசம், ஆனால் ராக்ஸுக்குத் தூக்க வேண்டிய எடையும் அதிகம். கிரெட்டா டீசலில் அந்த 250 டார்க் 1500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுவதால், வளைவில் வேகம் செத்து மறுபடி எடுக்கும்போது திணறல் இல்லை. கிரெட்டா வாங்குகிறவர்கள் டர்போ இல்லாத பெட்ரோல் எடுத்தால் முழு லோடில் மெட்டு ஏறும்போது கியரைக் குறைத்துக்கொண்டே, இஞ்சினைக் கத்தவிட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கும், அதன் டார்க் 144தான். ஆட்டோமேட்டிக்கில் இன்னொரு விஷயம்: டீசல் கிரெட்டாவில் இருப்பது எண்ணெய் வழியாகச் சக்தியைக் கொடுக்கிற டார்க் கன்வெர்ட்டர், 160 குதிரைத்திறன் டர்போ பெட்ரோலில் இருப்பது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். ஏற்றத்தில் வண்டிக்குப் பின் வண்டி ஒட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர வேண்டிய நேரத்தில், கிளட்ச் தேய்ந்து சூடாகிற முறையை விட டார்க் கன்வெர்ட்டர் நிம்மதி. கார்த்திகை, மார்கழியில் எங்கள் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று புரியும். ஐயப்ப சாமிகளின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குகிற ஒருவழி ஏற்பாடு செய்தாலும் மெட்டு ரோட்டில் நிற்கிற நேரம் குறைவதில்லை.

அதே கூட்டத்தில் அகலமும் ஒரு விஷயம். ராக்ஸ் 1870 மில்லிமீட்டர், கிரெட்டா 1790. எட்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். எதிரே பஸ் வந்து, இந்தப் பக்கம் ஓடையும் அந்தப் பக்கம் தடுப்புச் சுவரும் இருக்கும்போது அந்த எட்டு சென்டிமீட்டர் பெரிய இடம். ஆனால் ராக்ஸில் உயரத்தில் உட்கார்ந்து பேனட்டின் இரண்டு முனையையும் பார்த்து ஓட்டலாம் என்பது உதவி, கிரெட்டாவில் முன்முனை கண்ணுக்குத் தெரியாது, கேமராவைத்தான் நம்ப வேண்டும். நெருக்கடியில் எது சுலபம் என்று கேட்டால் எனக்குக் கிரெட்டா, மச்சானுக்கு அவர் வண்டி. இதில் நாங்கள் ஒத்துப்போனதே இல்லை.

சரி, இப்போது தார் ரோடு முடிகிற இடத்துக்கு வருவோம், ராக்ஸ் தன்னை நிரூபிக்கிற இடம் அதுதான்.

தோட்டப் பாதையில் ஏறுவதை விட இறங்குவதுதான் பயம். ஏலத்தோட்டம் என்றால் நிழல், நிழல் என்றால் ஈரம் காயாது, மேலே இலைதழை கிடக்கும், கீழே வழுக்குகிற களி. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி மட்டும் சறுக்கிக்கொண்டே போகும். ஃபோர் லோ கியர் (நான்கு சக்கரத்தையும் மெதுவாக, பலமாகச் சுற்றுகிற கியர்) இருக்கிற வண்டியில் அதைப் போட்டு முதல் கியரில் விட்டால், பிரேக்கில் காலே வைக்காமல், நான்கு சக்கரமும் மெதுவாக உருண்டுகொண்டே, இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். ராக்ஸ் ஃபோர் பை ஃபோரில் இது இருக்கிறது, பின் டிஃபரென்ஷியலை பட்டனில் லாக் செய்கிற வசதியும் இருக்கிறது. ஒரு பின்சக்கரம் சேற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் அந்த லாக்கைப் போட்டதும் மறுசக்கரத்துக்கும் சக்தி போய் வண்டி வெளியே வந்துவிடும். நீண்ட வீல்பேஸால் கொண்டை வளைவில் ஒரே வெட்டில் திரும்பாத குறையைச் சமாளிக்க, உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு திருப்புகிற ஒரு வசதியும் வைத்திருக்கிறார்கள், மண் பாதையில் அது உண்மையிலேயே வேலை செய்கிறது. 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. மழைக்காலத்தில் மச்சான் தோட்டத்துக்குள் ஓடை குறுக்கே போகிற இடத்தில் அவர் தயங்காமல் இறக்குகிறார், நான் அந்த இடத்தில் கிரெட்டாவை நிறுத்திவிட்டு நடந்து போகிறேன்.

கிரெட்டாவின் தரை இடைவெளி 190 மில்லிமீட்டர். காலியாக இருக்கும்போது பரவாயில்லை, ஐந்து பேரும் டிக்கியில் இரண்டு மூட்டையும் ஏற்றினால் சஸ்பென்ஷன் இறங்கி அடி தட்டும். ஆட்டோமேட்டிக்கில் பனி, சேறு, மணல் என்று மூன்று மோடுகள் இருக்கின்றன, அதைப் பார்த்து இதுவும் ஃபோர் வீல் என்று நினைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிடையாது. சக்தி முன்சக்கரங்களுக்கு மட்டும்தான் போகும், அந்த மோடுகள் சுற்றுகிற சக்கரத்தைக் கட்டுப்படுத்துகிற வேலையை மட்டும் செய்யும். லேசான சேறு, ஈரப் புல், சரளை என்றால் அதுவே போதும். ஏற்றத்தில் எடை பின்னால் சாயும், முன்சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும், அப்போது அந்த மோடால் ஒன்றும் ஆகாது.

இந்த இடத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. விளம்பரத்தில் வந்த 12.99 லட்சம் என்கிற ஆரம்ப விலை ராக்ஸ் டூ வீல் டிரைவுக்கு. ஃபோர் பை ஃபோர் அறிமுகமானபோது அதன் ஆரம்ப விலை 18.79 லட்சம், அதுவும் டீசலில் மட்டும். பெட்ரோல் ராக்ஸில் ஃபோர் பை ஃபோர் கிடையவே கிடையாது. விலை கட்டுப்படியாகவில்லை என்று டூ வீல் டிரைவ் ராக்ஸை எடுத்துக்கொண்டு, "இதுவும் ராக்ஸ்தானே, தோட்டத்துக்குப் போயிடும்" என்று நம்புகிறவர்கள் எங்கள் பள்ளத்தாக்கில் கூடிக்கொண்டே வருகிறார்கள். பின்சக்கரத்துக்கு மட்டும் சக்தி போகிற, கனமான, உயரமான வண்டி ஈரக் களியில் பின்பக்கத்தை வீசிக்கொண்டு நிற்கும். ஃபோர் லோ இல்லை, இறக்கத்தில் பிடிப்பும் இல்லை. முரட்டு வண்டியின் எடை, டீசல் செலவு, ஆட்டம், உயரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதை மட்டும் விட்டுவிட்டு வருகிற மாதிரி ஆகிவிடும். தோற்றத்துக்காக, ஆசைக்காக வாங்குகிறேன் என்றால் அது வேறு, ஆசைப்பட்டு வாங்குவது தப்பே இல்லை. தோட்டத்துக்காக வாங்குகிறேன் என்றால் ஃபோர் பை ஃபோரை விட்டுக் கீழே இறங்காதீர்கள், முடியாவிட்டால் கிரெட்டா பக்கம் வந்துவிடுங்கள்.

அப்புறம் டீசல் வண்டிகள் இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயம், ஷோரூமில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வருகிற டீசலில் டிபிஎஃப் என்று புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறது. அதில் சேர்கிற கரி எரிந்து சுத்தமாக வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தோட்டத்துக்கும் ஸ்டோருக்கும் இடையே தினமும் முதல், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் கரி சேர்ந்து விளக்கு எரியும், அதையும் கவனிக்காமல் விட்டால் இஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பழைய கமாண்டர் ஜீப்பில் இந்தத் தொல்லையே இல்லை, அதனால் நம் பெரியவர்களுக்கு இது தெரியாது. மச்சான் இதற்காகவே அவ்வப்போது கீழே இறங்கி, கம்பத்தில் இருந்து தேனி வரைக்கும் ஒரே சீராக ஓட்டிவிட்டுத் திரும்புவார். அது பெரிய விஷயம் இல்லை, ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

வீட்டு ஆட்கள் விஷயம். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. கிரெட்டாவில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்கிறார், முடிந்தது. ராக்ஸில் ஃபுட் ஸ்டெப்பில் ஒரு கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து உடம்பைத் தூக்க வேண்டும். ஏறுவதையாவது யாராவது பிடித்து ஏற்றிவிடலாம், இறங்கும்போது கால் தரையைத் தேடுகிற அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே வலிக்கும். மதினி தன் மாமியாருக்காகச் சின்னதாக ஒரு மர முக்காலி செய்து வண்டியிலேயே வைத்திருக்கிறார். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், மாதம் ஒருமுறை தேனிக்கோ மதுரைக்கோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால், டெஸ்ட் டிரைவுக்கு முதலில் அவர்களைத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஏறி உட்கார்ந்துவிட்டால் ராக்ஸ் பின் சீட்டில் இடம் தாராளம், காலை நீட்டலாம், தலைக்கு மேலே இடமும் அதிகம். மூன்று பேர் தோளோடு தோள் இடிக்காமல் உட்காரலாம். கிரெட்டாவில் மூன்று பெரியவர்கள் என்றால் கொஞ்சம் நெருக்கம்தான், ஆனால் ஜன்னல் திரை, பின்னால் சாய்கிற சீட் என்று சின்னச் சின்ன சுகங்கள் இருக்கின்றன. டிக்கி கொள்ளளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். திறக்கிற விதத்தில்தான் வித்தியாசம்: ராக்ஸில் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும், அதற்கு மேலே கண்ணாடி தனியாகத் தூக்க வேண்டும். குமுளி பஜாரில் பின்னால் இன்னொரு வண்டி ஒட்டி நின்றுவிட்டால் கதவைத் திறக்க முடியாது, சாமானைப் பின் சீட் வழியாகத்தான் எடுக்க வேண்டும். மாறாக, மழையில் நனைந்த மூட்டையையும் சேறு பூசின பூட்ஸையும் போடுவதற்கு ராக்ஸ் டிக்கிதான் வசதி, கழுவுவதும் சுலபம். உள்ளே வெள்ளை சீட் மட்டும் வேண்டாம். தோட்டத்துக்குப் போகிற வண்டிக்கு வெள்ளை சீட் எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும்? ஃபோர் பை ஃபோரில் காப்பிக் கலர் உள்ளலங்காரம் கிடைக்கிறது, மச்சான் அதைத்தான் எடுத்தார், நல்ல முடிவு.

பாதுகாப்பில் ராக்ஸ் பக்கம் பலமான ஆதாரம் இருக்கிறது. 2024 நவம்பரில் பாரத் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. கிரெட்டாவின் முந்தைய மாடல் 2022இல் குளோபல் என்கேப்பில் மூன்று நட்சத்திரம் வாங்கியது. 2024 ஜனவரியில் வந்த புதுக் கிரெட்டாவில் எல்லா வேரியண்டிலும் ஆறு ஏர்பேக் கொடுத்திருக்கிறார்கள், பாடியையும் பலப்படுத்தியதாகச் சொல்கிறார்கள். எங்கள் ரோடுகளில் எதிர்வருகிற வண்டி எப்படி வரும் என்பது நம் கையில் இல்லை, அதனால் இந்த ஒரு விஷயத்துக்காகவே ராக்ஸ் எடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். பின் சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்துகொண்டு நட்சத்திரத்தை எண்ணுவதில் மட்டும் பயன் இல்லை.

பணக் கணக்கு. 2025 செப்டம்பர் 22இல் இருந்து இந்த ரக வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், செஸ் இல்லை. அதற்கு முன் பெரிய எஸ்யூவிகளுக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம் வரை போனதால் ராக்ஸ் வகைக்கு இது நல்ல குறைப்பு. ஆனால் தமிழ்நாட்டில் ரோடு டாக்ஸ் 2023 நவம்பரில் ஏறியதை மறக்கக் கூடாது: பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை 18 சதவீதம், இருபதுக்கு மேல் 20 சதவீதம். எக்ஸ் ஷோரூம் விலை இருபதைத் தாண்டுகிற வேரியண்டில் கை வைத்தால் வரியும் ஒரு படி ஏறிவிடும், ஆக்சஸரி ஆசையை அங்கே கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது. எல்லையில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. வீடு நெடுங்கண்டம், உடும்பன்சோலை பக்கம் என்றால் கேஎல் 69இலேயே பதிவு செய்துவிடுங்கள். உறவினர் முகவரியில் டிஎன் 60 எடுத்துக்கொண்டு அங்கேயே ஓட்டலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவை மாற்றியாக வேண்டும், பிறகு தடையில்லாச் சான்று, அங்கே வரி, இங்கே கட்டிய வரியைத் திரும்பக் கேட்பது என்று அலைய வேண்டும்.

ஓடுகிற செலவில் கிரெட்டாதான், சந்தேகமே இல்லை. டீசல் மேனுவலுக்கு லிட்டருக்கு 21.8 கிலோமீட்டர், ஆட்டோமேட்டிக்குக்கு 19.1 என்பது சோதனைக் கணக்கு, மலை ஏறி இறங்கினால் அதை விடக் குறையும் என்றாலும் ராக்ஸோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு டேங்க்கிலும் வித்தியாசம் தெரியும். டயரும் அப்படித்தான், ராக்ஸின் 18, 19 அங்குல டயரை மாற்றும்போது பில் பெரிதாக வரும், தோட்டத்துக் கல்லில் ஓடுகிற டயர் சீக்கிரம் மாற்றத்துக்கும் வரும்.

டெஸ்ட் டிரைவ் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஷோரூமில் எங்களுக்குக் கொடுத்தது பைபாஸில் போய்த் திரும்பி வருகிற ஒரு சின்னச் சுற்று, மலைக்குக் கொண்டு போகக் கூடாது என்றார்கள். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத் தேவை குறைந்தது நான்கைந்து கொண்டை ஊசிகள், பின் சீட்டில் வீட்டு ஆட்களோடு. முடியாது என்றால் அந்த வண்டி வைத்திருக்கிற தெரிந்தவரைக் கேளுங்கள், எங்கள் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். ஓட்டும்போது நீங்கள் மட்டும் ஓட்டாமல் பாதியில் பின்னால் போய் உட்காருங்கள், வீட்டுப் பெண்கள் ஓட்டுவார்கள் என்றால் அவர்களிடம் சாவியைக் கொடுங்கள். என் மனைவி இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் தினமும் எடுக்கப் போவது நான், எனக்குக் கிரெட்டா போதும் என்றார். எங்கள் வீட்டு முடிவு அங்கேதான் ஆனது. தோட்டத்துக்கு நாங்கள் ஜீப்பில் போகிறோம், சூர்யநெல்லிக்குப் போனால் கொழுக்குமலைக்கு எல்லாரும் போகிற மாதிரி அங்கேயும் ஜீப் எடுத்துக்கொள்கிறோம்.

கடைசியாக, என் சித்தப்பா இப்போது வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறார். சாந்தன்பாறை பக்கம் சின்னத் தோட்டம், பாதை ஒரு வண்டி மட்டும் போகிற அகலம், இரண்டு பக்கமும் ஏலச்செடி. வீட்டில் அவரும் சித்தியும் மட்டும்தான், பிள்ளைகள் கோயம்புத்தூரில். அவர் ராக்ஸைத்தான் மனசில் வைத்திருந்தார். நான் அவரை மாருதி ஜிம்னி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதன் அகலம் 1645 மில்லிமீட்டர், எடை 1200 கிலோவை ஒட்டித்தான், தரை இடைவெளி 210, லேடர் ஃபிரேமும் ஃபோர் லோவும் எல்லா வேரியண்டிலும் வருகிறது. பெட்ரோல் என்பதால் டிபிஎஃப் கவலை இல்லை. குறை என்றால் நான்கு பேர்தான் உட்காரலாம், பின் சீட் நிமிர்ந்திருந்தால் டிக்கி 208 லிட்டர்தான், ஹைவேயில் முந்த வேண்டுமானால் 1.5 லிட்டர் இஞ்சின் கொஞ்சம் யோசிக்கும். சித்தி முன் சீட்டில் சிரமம் இல்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டார். பின் சீட்டை மடித்து வைத்தால் பச்சைக்காய் மூட்டை எத்தனை போகும் என்று அளந்து பார்க்க, அடுத்த வாரம் ஒரு காலி மூட்டையை எடுத்துக்கொண்டு இருவரும் மறுபடி ஷோரூமுக்குப் போகிறார்கள்.